மாதம் 150 ரூபிள் விபிஎன்: ரஷ்யாவில் இருப்பவர்கள் நம்பி வாங்கலாமா?

வோல்கா_மாணவன்
நான் வோல்கோகிராடில் மருத்துவம் படிக்கிறேன். 2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளை ரஷ்யாவின் இணையக் கண்காணிப்பு அமைப்பான ரோஸ்கோம்நாட்சோர் கட்டுப்படுத்தத் தொடங்கிய பின், வீட்டாருடன் பேசுவதற்காகவே ஒரு விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் சேவை) வாங்கினேன். டெலிகிராம் பாட் (தானாகப் பதில் அனுப்பும் கணக்கு) வழியாக விற்கப்படும் சிறு சேவை அது. உதவி ரஷ்ய மொழியில் மட்டுமே கிடைக்கும். 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் விலகியதிலிருந்து இங்குள்ள வங்கி அட்டைகளால் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பணம் கட்ட முடிவதில்லை. இவர்களோ எஸ்பிபியில் (பாடகர் அல்லர், நம் யூபிஐ போன்ற ரஷ்யப் பணமாற்று முறை) பெற்றுக்கொள்கிறார்கள். நான்கு மாதங்களாக ஒரு குறையும் இல்லை. கொடுத்த காசுக்கு நல்ல சேவை என்பதே என் கருத்து.

நிலவறை
அழைப்பு தடையின்றிப் போகிறது என்பதைத் தவிர வேறு எதைச் சோதித்துவிட்டு "குறையில்லை" என்கிறீர்கள்? எஸ்பிபி உங்கள் தொலைபேசி எண்ணோடும் வங்கிக் கணக்கோடும் பிணைந்தது; ஆகவே நீங்கள் யார் என்பதற்கான தடயம் விற்பவரிடம் இருக்கிறது, அவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. மல்வாட் என்ற சுவீடன் விபிஎன் நிறுவனம் மாதம் 5 யூரோ வாங்குகிறது, மின்னஞ்சல் முகவரிகூடக் கேட்பதில்லை. 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறை அதன் அலுவலகத்தைச் சோதனையிட வந்து வெறுங்கையுடன் திரும்பியது. "பதிவுகள் வைப்பதில்லை" என்ற சொல்லுக்கு அது சான்று. உங்கள் டெலிகிராம் பாட் சொல்வது வெறும் வாக்கியம். பேஸ்புக்கின் ஒனாவோ கூடப் பாதுகாப்புச் செயலி என்றுதான் வந்தது. பயனர்கள் எந்தெந்தச் செயலியைத் திறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது.

வோல்கா_மாணவன்
அந்த 5 யூரோவை இங்கிருந்து எப்படி அனுப்புவது என்பதையும் சொல்லிவிடுங்கள். நான் உளவுத்துறைக்கு அஞ்சி ஒளிபவன் அல்லன். அம்மாவுடன் பேச வேண்டியவன்.

கம்பிவடம்
நெட்வொர்க் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இங்கே விலையை வைத்துத் தரத்தை அளக்க முடியாது. பெயர்பெற்ற பல விபிஎன்கள் பயன்படுத்தும் வயர்கார்ட் என்ற இணைப்பு முறையில் முதல் பாக்கெட் (தரவுத் துண்டு) எப்போதும் 148 பைட் நீளம், அதன் முதல் நான்கு பைட்டுகளும் மாறாதவை. 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரஷ்ய இணையச் சேவையாளர்களிடம் பொருத்தப்பட்ட டிஎஸ்பியு என்னும் வடிகட்டும் கருவிகள், உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமலேயே அதை இனங்கண்டு துண்டித்துவிடும். விலெஸ், ரியாலிட்டி என்னும் வேறு இணைப்பு நுட்பங்கள் இரண்டையும் சேர்த்து இயக்கும் சிறு சேவையோ, யாரோ ஒரு சாதாரண இணையதளத்தைப் பார்ப்பது போலத் தோன்றுவதால் தப்பிவிடுகிறது. பெயர்பெற்ற சேவை தோற்கும் இடத்தில் 150 ரூபிள் சேவை ஓடுவது இதனால்தான். ஆனால் செல்பேசி இணையத்தை அனுமதிக்கப்பட்ட தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கும் நாட்களில் இரண்டுமே உதவாது.

நண்பரே, அவர்கள் தருவது சொந்தச் செயலியா, பொதுச் செயலியில் ஒட்டக்கூடிய இணைப்பா? பின்னதானால் அவர்களுடைய நிரல் உங்கள் கைப்பேசிக்குள் நுழைவதில்லை; அந்த அளவுக்கு ஆபத்து குறைவு.

வோல்கா_மாணவன்
இணைப்பு மட்டும்தான் தருகிறார்கள்.

நிலவறை
கம்பிவடம் அவர்கள் சொன்ன தொழில்நுட்பத்தை ஏற்கிறேன். ஆனால் என் கேள்வி சர்வரை வைத்திருப்பவரைப் பற்றியது. நீங்கள் செல்லும் தளங்களின் பெயர்களை அவரால் பார்க்க முடியும். 2025 செப்டம்பர் 1 முதல், ரஷ்ய அரசின் தீவிரவாத உள்ளடக்கப் பட்டியலில் உள்ளவற்றைத் தெரிந்தே தேடினால் 3,000 முதல் 5,000 ரூபிள் வரை அபராதம். விபிஎன் வழியாகத் தேடினாலும் விலக்கில்லை. விபிஎன் பயன்படுத்துவது குற்றமாகாவிட்டாலும், அதை விளம்பரப்படுத்துவதற்கு அதே நாளிலிருந்து அபராதம் உண்டு. அப்படியிருக்க, டெலிகிராம் பாட் வழியாகக் கடை விரித்திருப்பவர் ரஷ்யாவுக்குள் இருப்பவரானால், பிடிபடும் அன்று முதலில் ஒப்படைக்கக்கூடியது வாடிக்கையாளர் பட்டியலைத்தான்.

வோல்கா_மாணவன்
அது நியாயமான அச்சம்தான். அதற்காக என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இனி அழைப்புக்கு மட்டுமே அதை இயக்குவேன், மற்ற நேரங்களில் அணைத்துவைப்பேன். ஆண்டுச் சந்தா எடுத்தால் 40 சதவீதம் தள்ளுபடி என்று நேற்று பாட் செய்தி அனுப்பியது. மாதாமாதமே கட்டிக்கொள்கிறேன் என்று பதில் எழுதிவிட்டேன்.