வார்டில் நடக்கும் கற்றலைக் கவனித்து எழுதுவது எப்படி? உதவி தேவை

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்சிங் மாணவிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்கள் வார்டில் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை நேரில் கவனித்து ஆய்வு செய்ய ஆசை. பேட்டி எடுத்தால் போதாதா என்கிறார்கள். போதாது. அனுபவசாலிகள் கையால் செய்வதில் பாதியை அவர்களுக்கே வாயால் சொல்ல வராது.

அன்றைக்கு ஒரு மாணவி டிரிப்பின் சொட்டுகளையே எண்ணிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் அவள் தோளைத் தொட்டு, கட்டிலில் இருந்த ஆச்சியின் கையைக் காட்டினார். ஊசி குத்திய இடம் லேசாக உப்பியிருந்தது; டிரிப் நரம்புக்கு வெளியே கசிகிறது என்று அர்த்தம். பேச்சே இல்லை; மாணவி உடனே டிரிப்பை நிறுத்தினாள். இதை எந்தக் கேள்வித்தாள் பிடிக்கும்?

ஆனால் நான் நோட்டோடு நின்றால் எல்லோரும் விறைத்துப்போகிறார்கள். கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே நடத்தை மாறுவதை ஹாதார்ன் விளைவு என்பார்களே, அதுதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கரும் சகாக்களும் 1950களில் கான்சாஸ் மருத்துவ மாணவர்களோடு வகுப்பு, வார்டு என்று கூடவே இருந்து கவனித்தார்கள். அவர்கள் வெளியாட்கள். நானோ மதிப்பெண் போடுகிறவள். இதை எப்படிச் சமாளிப்பது?

ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 ஆய்வு நெறிமுறை வழிகாட்டுதலைப் பார்த்து நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுகிறேன். மாணவி, சிஸ்டரிடம் ஒப்புதல் வாங்கலாம், சரி. கட்டிலில் இருக்கும் நோயாளி, துணைக்கு வந்தவர்களிடம் எப்படிச் சொன்னீர்கள்? குறிப்பை அங்கேயே எழுதுவதா, அப்புறமா? நோயாளிக்கு ஆபத்து என்றால் குறுக்கிட்டுவிடுவேன், அதில் சந்தேகமில்லை. அப்படிக் குறுக்கிட்டதை எப்படிப் பதிவு செய்வது?

இந்த மாதிரி ஆய்வு செய்தவர்கள் சொல்லுங்கள். நோயாளிகளுக்குப் புரியும் தமிழில் தகவல் தாள் வைத்திருந்தால் பகிருங்கள், பெரிய உதவியாக இருக்கும்.