ஃபாவ் குடும்பத்துக் கணப்படுப்பை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வின்டர்தூர்வாசி

பதினேழு வருடமாக சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இருக்கிறேன். ஃபாவ் குடும்பம் இங்கேதான் தலைமுறை தலைமுறையாக மண் பிசைந்து சூளை வைத்தது என்று எனக்குத் தெரிய வந்ததே போன மாதம்தான். அதுவும் சூரிச் தேசிய அருங்காட்சியகத்தில் வைத்து.

அங்கே கொண்டுவந்து வைத்திருக்கும் பழைய சைடன்ஹோஃப் மாளிகையின் அறை தெரியும்தானே? அதில் கோபுரம்போல நிற்கும், அறையைச் சூடாக்கும் ஓட்டுக் கணப்பு லுட்விக் ஃபாவ் செய்தது, 1620. வெள்ளை மெருகில் நீலம், மஞ்சள், பச்சை என்று ஓடு ஓடாகப் படங்கள். நான் படங்களில் மயங்கி நிற்க, எட்டு வயது மகள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு வாய் எங்க?" என்றாள். விறகு வைக்க ஒரு துவாரமும் காணவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் கையைப் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிப் போய்விட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஆரெக்கரை

வாய் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா. சமையலறையிலிருந்தோ நடையிலிருந்தோ விறகு வைப்பார்கள். அறைக்குள் புகையும் வராது, சாம்பலும் வராது.

நான் இதைக் காதால்தான் அறிந்தேன். எம்மென்டால் பள்ளத்தாக்கில் ஒரு பழைய பண்ணை வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். விடியற்காலை ஐந்து மணி, தலைமாட்டுச் சுவருக்குள் யாரோ சுரண்டுவதுபோல் சத்தம். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா சமையலறையில் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார்! ஒரு மணி நேரம் கழித்து ஓட்டில் கை வைத்தேன், அப்போதுதான் குளித்துவந்த குழந்தையின் முதுகு மாதிரி இளஞ்சூடு. அப்புறம் அந்த ஓட்டை விட்டு நகரவே மனம் வரவில்லை.

ஹட்சன்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் ஒன்று இருக்கிறது. கிராவுபுண்டன் மலைப்பகுதி ஃபிளிம்ஸிலிருந்து ஒரு மாளிகையின் மரவேலை அறையை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் 1684–85 கால அடுப்பு. இரண்டாம் டேவிட் ஃபாவின் பட்டறை. அவ்வளவு ஓட்டையும் உடையாமல் எப்படித்தான் மலையேற்றினார்களோ.

ஆனால் வின்டர்தூர்வாசி சொல்வதில் ஒரு திருத்தம். ஓடும் படமும் ஒரே குடும்பம் என்று எப்போதும் எடுத்துக்கொள்ள முடியாது. ஃபிளிம்ஸ் அடுப்பில் படம் தீட்டியவர் ஹான்ஸ் ஹைன்ரிஷ் கிராஃப், வின்டர்தூரின் இன்னொரு குயவர் குடும்பம். அந்த வேலை லேசுப்பட்டதல்ல. ஒரு தடவை சுட்ட ஓட்டை வெள்ளீய மெருகில் முக்கி, அது மாவுபோலக் காய்ந்திருக்கும்போதே வரைய வேண்டும். தூரிகை பட்ட கணமே சாயத்தை உறிஞ்சிவிடும், அழிக்க வழியில்லை. கோபால்ட் நீலம், ஆன்டிமனி மஞ்சள், செம்புப் பச்சை, மாங்கனீசு ஊதா. மறுபடி சூளைக்குப் போய் வந்தால்தான் நிறமே தெரியும். அந்தக் கைக்குரிய பெயரைச் சொல்லாமல் விடக்கூடாது.

சூளைக்காரன்

ஹட்சன் அண்ணா, சரி. ஆனால் முன்பக்கத்தையே பேசுகிறோம். நான் இங்கே ஒரு ஹாஃப்னரிடம், அதாவது அடுப்பு கட்டுபவரிடம், உதவியாளாக இருக்கிறேன். போன வருடம் பழைய அடுப்பு ஒன்றைப் பிரித்தோம். ஃபாவ் இல்லை, சாதாரண கிராமத்து அடுப்பு. ஓட்டின் பின்னால் பெட்டிபோல விளிம்பு இருக்கும், உள்ளே களிமண் அடைத்து, கம்பியால் பக்கத்து ஓட்டோடு கட்டியிருப்பார்கள். களிமண்ணைத் தட்டி எடுத்தால், விளிம்பை ஒட்டிய இடத்தில் நான்கு விரல் அழுந்திய தடம். சின்ன விரல்கள். என் விரல் அதில் நுழையவில்லை. முதலாளி ஒன்றும் பேசாமல் அந்த ஓட்டை வாங்கித் தனியே துணியில் சுற்றி வைத்தார்.

இந்த ஊரில் பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். சூடான ஓட்டை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மெருகில் மயிரிழை விரிசல் ஓடும். விறகு இரண்டு வருடமாவது காய்ந்திருக்க வேண்டும். தீயை அடுக்கின் மேலே பற்ற வையுங்கள், கீழே அல்ல, புகை குறையும். ரொம்ப நாள் சும்மா கிடந்த அடுப்பு என்றால் முதல் சில நாள் சின்னத் தீ மட்டும். தணல் அடங்கும் முன் காற்றை அடைக்கவே கூடாது, விஷவாயு அறைக்குள் வரும். புகைபோக்கி துப்புரவாளரை வருடா வருடம் கூப்பிடுங்கள். ஓட்டுச் சந்தில் பிளவு தெரிந்தால் சிமென்ட் வைத்துப் பூசாதீர்கள். சிமென்ட் சூட்டோடு அசையாது, ஓட்டைத்தான் உடைக்கும். களிமண்தான் சரி.

வின்டர்தூர்வாசி

ஆரெக்கரை தம்பி, மகளிடம் சொல்லிவிட்டேன். ஜெர்மனில் ஃபாவ் என்றால் மயில் என்று அவள் எனக்குச் சொன்னாள், எனக்கு இது இத்தனை நாள் தோன்றவே இல்லை.

இப்போது அடுத்த கேள்வி: நடையில் நின்று விறகு வைத்த ஆளுக்கு அங்கே குளிராதா என்கிறாள். சூளைக்காரன், நடைப்பக்கம் எவ்வளவு சூடு கசியும்? உங்களுக்குத்தான் தெரியும், சொல்லுங்கள்.