புதுப்பிப்பு: குர்குமின் சேலைனில் படிவது நின்றுவிட்டது

உடலில் கட்டி வளர்ந்துள்ள சுண்டெலிகளுக்கு வயிற்றறை ஊசியாகக் கொடுக்கக் குர்குமினை (மஞ்சளில் உள்ள மஞ்சள் நிறப் பொருள்) டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால், சேலைன் (உப்புநீர்) விட்டதும் மஞ்சள் துகளாகப் படிகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

கைகொடுத்தது கண்டி அக்கா சொன்ன வழிதான்: சேர்க்கும் ஒழுங்கு. முதலில் டிஎம்எஸ்ஓவில் முழுதாகக் கரையவேண்டும். பிறகு பெக் 300 (நீரோடு கலக்கும் இன்னொரு கரைப்பான்), அது தெளிந்தபின் ட்வீன் 80 (சோப்புப் போல நீரில் கலக்க உதவுவது), கடைசியில் சேலைன் துளித்துளியாக. முடிவில் டிஎம்எஸ்ஓ 10%, பெக் 40%, ட்வீன் 5%, சேலைன் 45%. ஒவ்வொரு முறையும் ரியூப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கலங்கல் தெரிந்தால் அடுத்ததை விடாதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று. தெளிவாக இருந்த கரைசலை இரவு ஃபிரிட்ஜில் வைத்தேன், காலையில் அடியில் ஊசி ஊசியாகப் படிகம். இப்போது அன்றன்றைக்கே கலக்கிறேன். குர்குமின் நடுநிலை, கார ஊடகத்தில் வேகமாகச் சிதையும், வெளிச்சமும் ஆகாது. அதனால் ரியூப்பை அலுமினியத் தாளால் சுற்றிவிடுகிறேன்.

ஒப்பிடுவதற்காக மருந்து கொடுக்காமல் வைக்கும் எலிக் கூட்டத்துக்கும் இதே கலவையைக் கட்டாயம் கொடுங்கள். கரைப்பான் சும்மா இருக்காது. பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த பக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தைக் கரைக்கச் சேர்த்த கிரெமஃபோர் என்ற கரைப்பானே நோயாளிகளுக்குக் கடும் ஒவ்வாமை தந்தது.

தம்பி ஒருவர் சொன்ன சோள எண்ணெய் வாய்வழி கொடுப்பவர்களுக்குப் பொருந்தும். என்னுடையது ஊசி என்பதால் அதைத் தொடவில்லை.