சுருள் பொருத்தம்: கார்ட்ரிட்ஜுக்கும் ஏற்று மின்மாற்றிக்கும் இடையே ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இசைத்தட்டுக் கலைச்சொற்களில் நாம் இரண்டு வாரமாகச் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். இசைத்தட்டில் ஓடும் ஊசியின் அசைவை மின்சைகையாக்குவது கார்ட்ரிட்ஜ்; அதில் காந்தத்தின் அருகே சுருள் அசைந்தால் அது இயங்கு சுருள் வகை. அதன் மிகச் சிறிய மின்னழுத்தத்தை உயர்த்துவது ஏற்று மின்மாற்றி. இயங்கு சுருள் கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்கு எந்த ஏற்று மின்மாற்றி தகும் என்று கணக்கிட்டுத் தேர்வதை ஆங்கிலத்தில் ‘மேட்சிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதே கேள்வி. மின்னெதிர்ப்புச் சமனாக்கம், இணையாக்கம், மின்னெதிர்ப்பு இசைவு என மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணத்தையும், அவற்றுக்கு மாற்றாக நான் வைக்கும் ‘சுருள் பொருத்தம்’ என்பதன் நியாயத்தையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தகராறு அதிகம் இல்லாதவற்றை முதலில் முடித்துவிடலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஏற்று மின்மாற்றி, இறக்கு மின்மாற்றி என்னும் இணை நிலைபெற்றுவிட்டது. இலங்கையில் மின்மாற்றியை நிலைமாற்றி என்பார்கள். நம்மில் பெரும்பாலோர் மலேசிய இடைநிலைப் பள்ளியில் இதை மலாயில் ‘இன்ஜாக் நாயிக்’ என்று படித்தவர்கள். இன்ஜாக் என்றால் மிதித்தல் என்பதால் ‘மிதித்தேற்றி’ என்று ஒருவர் விளையாட்டாக எழுதியதை நானும் ரசித்தேன். பினாங்கு நண்பரின் ‘முன்னேற்றி’ சுருக்கமானது என்றாலும், கேட்டவுடன் ஏதோ சங்கத்தின் ஆண்டுக்கூட்டத் தீர்மானம் போல ஒலிக்கிறது. ‘மின்னழுத்தப் பெருக்கி’ என்பது மட்டும் பிழையே. பெருக்கி என்பது வெளியிலிருந்து ஆற்றலை வாங்கிச் சைகையை வலுப்படுத்துவது. ஏற்று மின்மாற்றிக்கோ சுவரில் செருகும் வயரே கிடையாது. அதில் மின்னழுத்தம் எத்தனை மடங்கு ஏறுகிறதோ அத்தனை மடங்கு மின்னோட்டம் இறங்குகிறது. எனவே பாடநூல் சொல்லையே வைத்துக்கொள்வோம். அது வினைத்தொகை என்பதால், ‘ஏற்றுச் சுருள்’ என்று ஒற்றுப் போட்டு எழுதுவதையும் விட்டுவிடுவோம்.

மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பாகிய ‘இம்பீடன்ஸ்’ என்பதற்கு நான் மின்னெதிர்ப்பு என்று எழுதுகிறேன். மின்மறுப்பு என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் நூல் மின்தூண்டிக்கும் மின்தேக்கிக்கும் உரிய தனித்தனி மறுப்பைத்தான் மின்மறுப்பு என்கிறது, மொத்தத்தை மின்னெதிர்ப்பு என்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் நாளை வருந்துவோம்.

இனி முதன்மையான செய்தி. டெனான் டி.எல்.103 என்னும் கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்கிறேன். 1960களில் ஜப்பானிய ஒலிபரப்புக் கழகத்தின் தேவைக்காக உருவாகி இன்றும் விற்பனையில் இருப்பது என்பதால் நம் குழுவில் பலரிடம் அது இருக்கிறது. அதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட், உள் மின்னெதிர்ப்பு 40 ஓம். கார்ட்ரிட்ஜின் சைகையை முதலில் பெருக்கும் வழக்கமான ஃபோனோ முன்பெருக்கி, சுருளுக்குப் பதில் காந்தம் அசையும் இயங்கு காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு என்று அமைக்கப்பட்டது. அதன் உள்ளீட்டு மின்னெதிர்ப்பு 47,000 ஓம், அது எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். இடையில் ஏற்று மின்மாற்றியை வைக்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சுற்று விகிதம் (கார்ட்ரிட்ஜ் பக்கத்து முதன்மைச் சுருளுக்கும் முன்பெருக்கிப் பக்கத்துத் துணைச்சுருளுக்கும் உள்ள சுற்றுகளின் விகிதம்) 1:10 என்றால் மின்னழுத்தம் 10 மடங்கு ஏறும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதே வேளையில், முன்பெருக்கியின் 47,000 ஓம் 10இன் இருமடியாகிய 100ஆல் வகுபட்டு, வெறும் 470 ஓமாகக் கார்ட்ரிட்ஜின் எதிரே வந்து நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விகிதம் 1:20 ஆனால் அது 117 ஓமாகச் சுருங்குகிறது. 1:34 ஆனால் ஏறக்குறைய 40 ஓமாகிவிடுகிறது.

சமனாக்கம் என்று சொல்லும் நண்பர்கள் இந்தக் கடைசி எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கார்ட்ரிட்ஜின் 40 ஓமும் எதிரே நிற்கும் 40 ஓமும் சமமாகும்போது அதிகபட்ச ஆற்றல் கடத்தப்படுகிறது என்பது மறுக்க முடியாத உண்மை. தொலைபேசிக் கம்பிகளின் காலத்துக்கும் முந்திய கொள்கை அது. ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பாருங்கள். கார்ட்ரிட்ஜின் சொந்த 40 ஓமில் ஒரு பங்கு மின்னழுத்தம் எப்போதும் இழக்கப்படுவதால், 1:10இல் முன்பெருக்கிக்குக் கிடைப்பது 3 மில்லிவோல்ட் அன்று, சுமார் 2.8. 1:20இல் 6 அன்று, சுமார் 4.5. 1:34இல் 10.2 வரவேண்டிய இடத்தில் 5.1தான் வருகிறது, பாதி உள்ளேயே போய்விட்டது. 1:50க்குப் போனால் 4.8ஆக இறங்கிவிடுகிறது. ஆக, 20இலிருந்து 34க்கு ஏறியதில் கூடிய லாபம் 0.7 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அந்த அற்பத்துக்காகச் சுருளின் மேல் மூன்று மடங்கு பளுவை ஏற்றுகிறோம். அனுபவப்பட்டவர்கள் தேடுவது சமத்தை அன்று. எதிரே நிற்பது கார்ட்ரிட்ஜின் உள் மின்னெதிர்ப்பைவிடப் பல மடங்கு, இயன்றால் பத்து மடங்கு, பெரிதாக இருப்பதையே தேடுகிறார்கள். செய்வது ஒன்று, சொல் சொல்வது வேறொன்று என்றால் அந்தக் கலைச்சொல் படிப்பவரைக் கையைப் பிடித்துத் தவறான வாசலுக்கு அழைத்துப் போகிறது.

நானும் பல ஆண்டுகள் சமனாக்கக் கட்சியில்தான் இருந்தேன். பழைய ஜப்பானிய ஏற்று மின்மாற்றி ஒன்றை வாங்கி வந்தபோது, அதன் முகப்பில் 3 ஓம், 40 ஓம் என இரண்டு நிலைகள் கொண்ட விசை இருந்தது. 3இல் வைத்தால் சத்தம் கூடும் என்று ஒருவர் சொன்னார், கூடத்தான் செய்தது. ஆனால் நாகசுவரத் தட்டு ஒன்றைப் போட்டபோது தவிலின் வலப்பக்கமாகிய வலந்தலை மட்டும் கணீரென்று வந்தது, தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமாகிய தொப்பியைக் காணோம். தட்டுதான் தேய்ந்துவிட்டது என்று பல வாரம் தட்டின்மேல் பழி போட்டேன். பிறகு ஒருநாள் விசையை 40க்கு மாற்றியதும் தொப்பி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. கார்ட்ரிட்ஜ் 40, விசையும் 40. சமமானதால் சரியாயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டேன். முடிவு முழுக்கத் தவறு. விசையில் எழுதியிருந்த 40 மின்மாற்றியின் மின்னெதிர்ப்பே அன்று. ‘40 ஓம் கார்ட்ரிட்ஜுக்கு ஏற்றது’ என்பதே அதன் பொருள். என் பெட்டியில் அந்த நிலையின் விகிதம் 1:10, அதாவது கார்ட்ரிட்ஜின் எதிரே நின்றது 470 ஓம். 3 ஓம் நிலையிலோ விகிதம் 1:36; எதிரே நின்றது 36 ஓம். சில ஓம் மட்டுமே உள்ள கார்ட்ரிட்ஜுக்கு என்று சுற்றப்பட்ட முதன்மைச் சுருளின் மின்தூண்டல் குறைவாக இருப்பதால், அதில் 40 ஓம் கார்ட்ரிட்ஜை மாட்டினால் தாழ்ந்த அதிர்வெண்கள் அடங்கிப்போகும். தொப்பி காணாமல் போன கதை அதுதான். சமத்துக்கு மிக நெருங்கி இருந்தது எந்த நிலை என்று பாருங்கள்: 40க்கு எதிரே 36 நின்ற, தொப்பி தொலைந்த நிலை.

இணையாக்கம் என்ற சொல்லிலும் இதே சமத்துவ வாடை இருக்கிறது. போதாக்குறைக்கு, பக்க இணைப்பு, இணைச் சுற்று ஆகியவற்றோடும் அது குழம்பும். இசைவு என்பது காதுக்கு இனிது, இசையும் உள்ளே இருக்கிறது. ஆனால் ஒத்திசைவு என்னும் சொல் அதிர்வு சார்ந்த வேறொரு நிகழ்வுக்கு ஏற்கெனவே பலரால் வழங்கப்படுகிறது. அதே தட்டுச்சுழலியில் அந்த நிகழ்வும் நடக்கிறது. சொல்லின் அழகுக்காக அந்தச் சிக்கலை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

பொருத்தம் என்பதில் இந்தத் தொல்லை இல்லை. தமிழில் பொருத்தம் ஒருபோதும் சமத்தைக் குறித்ததில்லை. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள்: பெண்ணும் பிள்ளையும் ஒரே ரஜ்ஜு என்றால் பொருத்தம் இல்லை என்றுதான் சொல்வார்கள், வேறுபட்டிருப்பதே அங்கே பொருத்தம். வினையாகச் சொல்ல வேண்டிய இடத்துக்கும் நம்மிடம் தொடர் இருக்கிறது: பொருத்தம் பார்த்தல். இரு தரப்பின் எண்களையும் வாங்கி, சேர்ப்பதற்கு முன்பே தாளில் கணக்குப் போடுவது. கார்ட்ரிட்ஜின் மின்னெதிர்ப்பு, வெளியீடு, மின்மாற்றியின் சுற்று விகிதம், முன்பெருக்கியின் உள்ளீடு ஆகியவற்றை வைத்து நாம் செய்வதும் அதே வேலை. கார்ட்ரிட்ஜின் சுருளுக்கும் மின்மாற்றியின் முதன்மைச் சுருளுக்கும் இடையே பார்ப்பது என்பதால் சுருள் பொருத்தம். புணர்ச்சி விதிப்படி சுருட்பொருத்தம் என்று எழுத வேண்டும் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள், சரியும்கூட. ஆனால் கோலாலம்பூரின் மின்னணுக் கடைத்தெருவான ஜாலான் பாசாரில் மின்தடை வாங்க நிற்கும் இளைஞர் ‘சுருட்’ என்பதைக் கண்டு சுருட்டு என்று படிக்கக்கூடும். பிரித்தே எழுதுவோம்.

செந்தூல், கோலாலம்பூர்.

*

மறுநாள் மடல்

நண்பர்களே, நேற்றைய மடலுக்கு வந்த மூன்று மறுப்புகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பினாங்கிலிருந்து எழுதிய ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஐயாவின் மறுப்பு வலுவானது. கார்ட்ரிட்ஜை இரண்டு திருகாணிகளால் தட்டுக்கையின் முனையில் மாட்டுவதையும் பொருத்துதல் என்றுதானே சொல்கிறோம், குழம்பாதா என்று கேட்கிறார். குழம்பும், நான் இதை எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் குழப்பம் ‘பொருத்து’ என்னும் பிறவினையில்தான் இருக்கிறது. பொருந்து என்பதிலிருந்து வரும் பொருத்தம் கையால் செய்யும் வேலையைக் குறிக்காது. எனவே நம் பட்டியலில் பொருத்துதல், பொருத்துகை என்பவற்றைத் திருகாணி வேலைக்கே விட்டுவிட்டு, இதற்குப் பொருத்தம், பொருத்தம் பார்த்தல் என்பவற்றை மட்டும் ஆளலாம் என்று என் முன்மொழிவைத் திருத்திக்கொள்கிறேன்.

கலைச்சொல்லுக்குள் சாதகத்தை இழுத்து வரலாமா என்று கிள்ளானிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். சாதகத்தில் எனக்கும் நம்பிக்கை இல்லை. எடுத்துக்காட்டு எனக்கு எளிதாகக் கிடைத்தது, அவ்வளவே. தமிழ்ப்பள்ளியில் நாம் எழுதிய தேர்வுத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள்: ‘பொருத்துக’ என்ற கேள்வியில் இடப்பக்கம் நாடு, வலப்பக்கம் தலைநகரம். மலேசியாவும் கோலாலம்பூரும் சமமில்லை, பொருந்துகின்றன. சாதகம் இல்லாமலே சொல் நிற்கும்.

இயங்கு காந்தக் கார்ட்ரிட்ஜிலும் சுருள் இருக்கிறதே, அதற்கும் சுருள் பொருத்தம் பார்க்க வேண்டுமா என்பது மூன்றாவது. அதற்கு ஏற்று மின்மாற்றியே தேவையில்லை; ஓர்த்தொஃபோன் 2எம் ரெட் போன்றது தானே 5.5 மில்லிவோல்ட் தருகிறது. அங்கே பார்க்க வேண்டியது வயரும் முன்பெருக்கியும் சேர்ந்து தரும் மின்தேக்கத்தை. அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 150 முதல் 300 பிக்கோஃபாரட் வரை என்கிறார்கள். அதைத் தேக்கப் பொருத்தம் எனலாம். தட்டுக்கையின் நிறையும் கார்ட்ரிட்ஜின் நெகிழ்வும் சேர்ந்து உண்டாக்கும் அதிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறதா என்று பார்ப்பது கைப் பொருத்தம். சுருள், தேக்கம், கை என்று ஒரே குடும்பமாகச் சொற்கள் அமைவதை இந்த மறுப்பு வந்த பிறகே கண்டேன், கேட்டவருக்கு நன்றி.

இடையில் ஓர் எச்சரிக்கை. பழைய மின்மாற்றியின் விகிதம் தெரியாதபோது பலர் மல்டிமீட்டரை எடுத்துச் சுருளின் மின்தடையை அளக்கிறார்கள். வேண்டாம். அந்த நேர்மின்னோட்டம் உள்ளகத்தைக் காந்தமாக்கிவிடக்கூடும். விகிதமும் அதில் தெரியாது. 1,000 ஹெர்ட்ஸ் அளவில் மிகச் சிறிய மாறுதிசை மின்னழுத்தத்தை முதன்மையில் கொடுத்து, துணைச்சுருளில் எவ்வளவு வருகிறது என்று அளந்து வகுத்தால் போதும்.

பட்டியலுக்கான வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன்: ‘சுருள் பொருத்தம்: இயங்கு சுருள் கார்ட்ரிட்ஜின் வெளியீடு முன்பெருக்கிக்குப் போதுமான அளவு ஏறவும், கார்ட்ரிட்ஜின் மேல் விழும் பளு அதன் உள் மின்னெதிர்ப்பைவிடப் போதிய மடங்கு பெரிதாக இருக்கவும் தக்கவாறு ஏற்று மின்மாற்றியின் சுற்று விகிதம் அமைந்திருக்கும் நிலை.’ இதில் ‘மேல் விழும் பளு’ என்று நான் சுற்றி வளைத்துச் சொல்லியிருப்பதற்கு, அதாவது விகிதத்தின் இருமடியால் வகுபட்டுக் கார்ட்ரிட்ஜின் எதிரே வந்து நிற்கும் அந்த 470 ஓமுக்கு, இன்னும் ஒரு நல்ல சொல் நம்மிடம் இல்லை. எதிர்ப்படு பளு என்று எழுதிப் பார்த்தேன். பளு பெரிது என்றால் ஓம் பெரிதா, சுமை பெரிதா என்ற மயக்கம் தீரவில்லை. பட்டியலில் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.