புதுப்பிப்பு: முகப்பு விளக்கின் உட்புறக் கறுப்பு வண்ணம், மூன்று மாதங்களுக்குப் பின்

எங்கள் பழைய காரின் முகப்பு விளக்குகளைப் பிரித்து, உள்ளே வெள்ளியாய் மின்னும் அலங்காரச் சட்டத்துக்கு மட்டும் மங்கலான கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததைச் சித்திரையில் எழுதியிருந்தேன்.

வலப்பக்க விளக்கு நன்றாகவே இருக்கிறது. இடப்பக்க விளக்கின் கண்ணாடியோ பத்தே நாளில் உட்புறம் பால்போல் மங்கிவிட்டது. பொள்ளாச்சிச் சாரலில் நீர் புகுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வெயிலில் நிறுத்தியும் அது மறையவில்லை. திறந்து தொட்டபோது விரலில் பிசுக்கு ஒட்டியது. முழுதும் உலராத பெயின்டை அவசரப்பட்டு மூடியதால், பல்பின் சூட்டில் அதிலிருந்து கிளம்பிய ஆவி படிந்திருக்கிறது. "பெயின்ட் காயட்டும் சாமி" என்று அப்பாரு அப்போதே சொன்னார்.

கண்ணாடி என்று நாம் சொல்வது உண்மையில் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அது ஏறத்தாழ 147 டிகிரி செல்சியஸில் இளகும், ஓரத்துப் பியூட்டைல் பசையோ அதைவிடக் குறைந்த சூட்டிலேயே நெகிழும் என்பதால், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே பிரித்தேன். பெயின்டைக் கரைக்கும் தின்னர் பட்டால் பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்பு விழும். ஆகவே பிசுக்கைத் துடைக்கச் சோப்பு நீரும் மென்துணியும்தான். ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டரை இம்முறையும் தொடவில்லை.

ஆடிக்காற்றின் புழுதிக்கு அஞ்சி, சட்டத்தை மூடிய அறையில் ஒரு வாரம் உலரவிட்டு, புதுப் பசையிட்டு மூடினேன். பிறகு சுவரில் ஒளிபாய்ச்சி, இரு விளக்குகளின் உயரத்தையும் சரிபார்த்தேன். இதுவரை மங்கவில்லை.