தத்துவ நூல்களை எந்த வரிசையில் படிப்பது? மேலூர் வாசிப்பு வட்டத்திற்கு ஆலோசனை தேவை

மேலூர் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு மாலைகளில் மதுரை மாவட்டம் மேலூரில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் இதுவரை நாவல்களையும் வரலாற்று நூல்களையும் படித்து வந்தது. இனிச் சில மாதங்களுக்குத் தத்துவ நூல்களை மட்டும் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஆசிரியர்கள், நெல் வியாபாரிகள், கல்லூரி மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலதரப்பட்டவர்களும் வருகிறார்கள்; தத்துவத்தை முறையாகப் பயின்றவர் எவரும் இல்லை. எங்களுக்குக் கிடைத்த பட்டியல்கள் எல்லாம் பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் தொடங்கி, டெக்கார்ட், ஹியூம், கான்ட் என்ற ஐரோப்பியத் தத்துவ அறிஞர்கள் எனக் கால வரிசையில் செல்கின்றன. அந்த வரிசையிலேயே செல்வது நல்லதா? தமிழ் நூல்களையும் சேர்க்க விரும்புகிறோம். ஆனால் பெருமைக்காகச் சேர்க்காமல், மேற்கூறியவர்களின் வாதத்திற்கு எதிரே வாதமாக வைத்துப் பேசத் தக்கவற்றையே சேர்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அத்தகைய நூல்கள் எவை?

வைகைக்கரை:
வணக்கம் ஐயா. கால வரிசையைக் கைவிடுங்கள் என்பதே என் கருத்து. கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு வெவ்வேறு நூல்கள் என்ன விடை தருகின்றன என்று பார்த்தால்தான் புதிதாக வருபவர்களுக்குப் பிடி கிடைக்கும். 'நான் என்பது என்ன?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். 1641-இல் வெளிவந்த 'தியானங்கள்' நூலில் டெக்கார்ட், ஐயப்படக் கூடிய அனைத்தையும் ஒதுக்கிக்கொண்டே சென்று, ஐயப்படுகிற தான் இருப்பதை மட்டும் ஐயப்பட முடியாது என்ற இடத்தில் வந்து நிற்கிறார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஹியூம் தமக்குள் நோக்கி, அங்கே சூடு, குளிர், விருப்பு, வெறுப்பு என்ற உணர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவே அன்றி, அவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் 'நான்' என்று தனியாக ஒன்று அகப்படவில்லை என்று எழுதினார். தம் விளக்கம் தமக்கே நிறைவளிக்கவில்லை என்று அந்த நூலுக்கு ('மனித இயல்பு பற்றிய ஆய்வுரை') 1740-இல் சேர்த்த பின்னிணைப்பில் அவரே கூறியிருப்பது, அந்த மனிதரின் நேர்மைக்குச் சான்று.

இவற்றோடு, முழுமையாகக் கிடைக்காத பௌத்தக் காப்பியமான குண்டலகேசியில் எஞ்சியிருக்கும் 'பாளையாம் தன்மை செத்தும்' என்ற பாடலை வைத்துப் பாருங்கள். குழவிப் பருவம் இறந்தது, பாலப் பருவம் இறந்தது, இளமையும் இறந்தது. 'நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாத தென்னோ' என்று கேட்கிறது அப்பாடல். இறந்துபோன அந்தச் சிறுவனும் இன்றைய நானும் ஒருவர்தாமா என்ற ஐயத்தை நான்கே அடிகளில் எழுப்பிவிடுகிறது. மதுரையிலேயே 1896-இல் சொக்கப்ப நாயக்கன் தெருவின் வீடொன்றில் பதினாறு வயது மாணவராக இருந்த ரமண மகரிஷி, உடல் இறந்தால் இறப்பது யார் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். பின்னாளில் 'நான் யார்?' என்ற சிறு நூலில் அந்த விசாரணையின் முறை விளக்கப்பட்டிருக்கிறது.

கீழக்குயில்குடி அன்பர்:
மேலே எழுதியவர் காட்டிய வழியை மதிக்கிறேன். ஆயினும் 'நான்' பற்றிய கேள்வியில் தொடங்கினால் கூட்டம் விரைவில் பக்தர்கள் ஒரு பக்கம், நாத்திகர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து, நூலை மறந்துவிடும் என்று அஞ்சுகிறேன். 'நமக்கு ஒன்று தெரியும் என்று எந்த அடிப்படையில் சொல்கிறோம்?' என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும். அதற்கு மணிமேகலையைவிடச் சிறந்த நுழைவாயிலை நான் அறியேன்; இயற்றியவரும் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், நம்மூர்க்காரர்.

அதன் 27-ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். காண்டல், கருதல் (அனுமானம்), உவமம், ஆகமம் (பெரியோர் சொல்) என்று தொடங்கி, அறிவதற்குரிய வழிகள், அதாவது அளவைகள், பத்து என்கிறான் அளவைவாதி. இறுதியில் வரும் பூதவாதியோ (பூதங்களின் சேர்க்கையே எல்லாம் என்பவன்), கண்ணால் கண்டதே மெய், கருதல் பொய் என்கிறான். அவள் சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிவாய்? அக்கேள்விக்குப் பூதவாதியின் சார்பில் விடை சொல்ல முயலுங்கள்; ஒரு மாலை முழுவதும் போதாது. பிறகு 29-ஆம் காதைக்குச் சென்றால், மணிமேகலையின் பௌத்த ஆசானான அறவண அடிகள் அளவைகள் இரண்டே, காண்டலும் கருதலுமே என்கிறார். பத்து எப்படி இரண்டானது, பெரியோர் சொல்லை நம்பி அறிவது எங்கே போயிற்று என்று விவாதிக்கலாம். பிறர் சொல்லும் சாட்சியத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஹியூம் 1748-இல் வெளிவந்த 'மனித அறிவு பற்றிய ஆய்வு' நூலின் பத்தாம் பகுதியில், அற்புதங்களை முன்னிட்டு ஆராய்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், கைப்பேசியில் வரும் செய்திகளை நாம் நம்பும் விதத்தைப் பற்றியும் பேச வேண்டி வரும். மூலத்தின் நடை கடினமானது, ந.மு. வேங்கடசாமி நாட்டார், ஔவை துரைசாமிப் பிள்ளை உரையுடன் படியுங்கள்.

தத்துவ மாணவி, திருப்பரங்குன்றம்:
இரு ஐயாமார் எழுதியதும் பயனுள்ளது. கீழக்குயில்குடி ஐயா சொல்லும் தொடக்கத்தையே நானும் விரும்புகிறேன். 'நான்' என்ற கேள்வி இரண்டாவதாக வரட்டும். ஆனால் ரமணரையும் ஹியூமையும் பக்கத்தில் வைக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஹியூம் ஒரு கோட்பாட்டுக்கு எதிராக வாதம் வைக்கிறார், 'நான் யார்?' நூலோ வாசகர் தாமே செய்து பார்க்க வேண்டிய ஒரு பயிற்சியைச் சொல்கிறது. ஒன்று மற்றொன்றை மறுக்கிறது என்றோ மெய்ப்பிக்கிறது என்றோ அவசரமாகச் சொல்லிவிடக் கூடாது. உண்மையிலேயே வாதத்திற்கு வாதம் வேண்டுமென்றால் நீலகேசியை எடுங்கள். சமண நூலான அது பௌத்தர்களின் கணபங்க வாதத்தை, அதாவது எப்பொருளும் கணந்தோறும் அழிகிறது என்ற கொள்கையை, நேருக்கு நேர் எதிர்க்கிறது. குண்டலகேசிப் பாடலுக்கு அடுத்து அதைப் படித்தால் விவாதம் தானாகவே சூடு பிடிக்கும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை ஆராயும் பரபக்கமும் பயன்படும்: கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்கும் உலகாயதர் முதலாகப் பிற கொள்கையினரின் கருத்தை முதலில் கூறிவிட்டே அருணந்தி சிவாச்சாரியார் மறுக்கத் தொடங்குகிறார், அந்த ஒழுங்கை உங்கள் கூட்டத்தின் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

கான்ட்டின் 1781-ஆம் ஆண்டு நூலான 'தூய அறிவின் விமர்சன'த்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தம்மை உறக்கத்திலிருந்து எழுப்பியவர் ஹியூமே என்று அவரே எழுதியிருப்பதால், ஹியூமின் ஐயம் மனத்தில் உறுத்தத் தொடங்கிய பிறகுதான் அவர் எதற்காக அவ்வளவு பாடுபட்டார் என்பது விளங்கும். 'குடியரசு' நூலுக்கு முன்பு, சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசியதைப் பிளேட்டோ எழுதிய சிறு நூலைப் படியுங்கள். ஒரே அமர்வில் உரக்க வாசித்து முடித்துவிடலாம்.

மேலூர் வாசகர்:
மூவருக்கும் நன்றி. முதல் ஞாயிறு பூதவாதி பேசும் பகுதியும் அதற்கு மணிமேகலை தரும் மறுமொழியும் மட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். ஒருவர் பூதவாதியின் பக்கம் நின்று பேசுவார். ஹியூமின் பத்தாம் பகுதியை நல்ல தமிழில் பெயர்த்தவர்கள் யாரேனும் இருந்தால் தெரிவியுங்கள். இல்லையெனில் மாணவர்கள் இருவர் பத்தி பத்தியாகப் பெயர்த்துத் தர முன்வந்திருக்கிறார்கள்.