மாடரேட்டர் உழைப்பு வெறும் 34 லட்சம் டாலர்தானா?

கணக்குப்பிள்ளை:
"மாடரேட்டர்களின் கூலியில்லா உழைப்பில்தான் ரெடிட் கொழுக்கிறது" என்று, ரெடிட் விவாதத் தளத்தின் குழுக்களைக் கண்காணித்துப் பதிவுகளை நீக்கும் தன்னார்வலர்களைப் பற்றி நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சலாக இருக்கிறது. நார்த்வெஸ்டர்ன், மினசோட்டா பல்கலைக்கழகங்களின் 2022 ஆய்வைப் படியுங்கள். அந்த உழைப்பின் மதிப்பு ஆண்டுக்கு 34 லட்சம் டாலர். நிறுவனத்தின் 2019 வருமானத்தில் 2.8%. இந்தச் சில்லறையிலா கொழுக்கிறார்கள்?

தீக்குச்சி:
அது குறைந்தபட்சக் கணக்கு என்று ஆய்விலேயே இருக்கிறதே, அதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள். மணிக்கு 20 டாலர் போட்டுப் பெருக்கிய தொகை அது. நள்ளிரவில் ஆபாசப் படங்களைப் பார்த்துப் பார்த்து நீக்குகிறவனின் மன உளைச்சலுக்கு உங்கள் பேரேட்டில் எந்தப் பத்தி?

கணக்குப்பிள்ளை:
உளைச்சல் இருந்தால் விலகலாமே. யாரும் கட்டிப்போடவில்லை. 34 லட்சம். அவ்வளவுதான்.

வழிப்போக்கன்:
ஏஓஎல் என்ற பழைய அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தின் கதை தெரியுமா? அதன் தன்னார்வலர்கள் 1999இல் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள். 2010இல் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

கணக்குப்பிள்ளை:
அங்கே வேலைநேரம் வகுத்து, நேரக்கணக்கும் எழுத வைத்தார்கள். இங்கே அப்படியா? சம்பந்தமில்லாததை இழுக்காதீர்கள். நான் கேட்பது ஒன்றுதான்: 34 லட்சம் தவறா, சரியா?

தீக்குச்சி:
சரி, உங்கள் 34 லட்சமே இருக்கட்டும். ரெடிட் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஹஃப்மனுக்கு 2023இல் கணக்கில் காட்டிய ஊதியம் 19.3 கோடி டாலர். ஐம்பது மடங்குக்கு மேல். அதே ஆண்டு ஜூனில் ஏபிஐ கட்டணத்தை, அதாவது வெளிச்செயலிகள் ரெடிட் தரவைப் பயன்படுத்தக் கேட்ட கட்டணத்தை, எதிர்த்து ஆயிரக்கணக்கான குழுக்களை மூடிய மாடரேட்டர்களை நிலக்கிழார்களுக்கு ஒப்பிட்டதும் அவர்தான். கூலியே வாங்காத நிலக்கிழார்!

கணக்குப்பிள்ளை:
அந்த ஊதியம் பெரும்பாலும் பங்குகள், ரொக்கம் இல்லை. 2023இல் நிறுவனத்துக்கு 9 கோடி டாலர் நட்டம். அப்போது இல்லாத லாபத்தில் பங்கு கேட்கிறீர்கள். 2024 மார்ச்சில் பங்கு வெளியிட்டபோது மாடரேட்டர்களுக்கும் ஒதுக்கினார்களே, அது கண்ணில் படவில்லையா?

தீக்குச்சி:
ஒதுக்கியது இலவசமாகவா? ஒரு பங்கு 34 டாலர், தன் காசில் வாங்கிக்கொள்ள அனுமதி! கூலி கொடுக்க வேண்டியவனிடமே காசு வாங்கியதை உபகாரம் என்கிறீர்கள்.

வழிப்போக்கன்:
கணக்குப்பிள்ளைக்கு மாடரேட்டர்கள் மேல் ஏன் இவ்வளவு காட்டம் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். வரலாற்றுக் குழுவில் வாங்கிய தடை இன்னும் ஆறவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்தத் தடையே அநியாயம். ஆதாரத்தோடு எழுதியதை நீக்கினார்கள். நீக்கியவருக்கு அந்தத் துறையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. இவர்களுக்கு 34 லட்சமே அதிகம்!

தீக்குச்சி:
ஆதாரமா? ஒரே படத்தை நாலு தடவை போட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு தடவை. அதுவும் முதல் படம் மங்கலாக இருந்ததால். அப்போது மாடரேட்டர் பட்டியலில் நீங்களும் இருந்தீர்கள்தானே? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தீக்குச்சி:
இருந்தேன். நீக்கியது நான் இல்லை.

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் இதையேதான் சொல்கிறீர்கள்.